சேம்பர், தனி அலுவலகம், கம்பெனி வேலை: சென்னையில் ஓர் இளம் வழக்கறிஞர் எதைத் தேர்வது?

மே மாத விடுமுறைக்கு உயர் நீதிமன்றம் மூடுவதற்குச் சற்று முன்பாக, ஏப்ரல் கடைசி நாட்களில், ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள ஜூனியர்கள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என்னைத் தேடி வருகிறார்கள். சீனியரிடமே இருக்கலாமா, தனியாக வந்துவிடலாமா, கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகலாமா என்பதுதான் அவர்கள் கொண்டுவரும் கேள்வி. வரும்போதே ஒரு காகிதத்தில் வருமானக் கணக்கும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அலுவலக வாடகை இவ்வளவு, குமாஸ்தா சம்பளம் இவ்வளவு, மாதம் எத்தனை வழக்கு வந்தால் கட்டுப்படியாகும் என்றெல்லாம் எழுதியிருக்கும் அந்தக் காகிதத்தில், இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், கடைசியாக எப்போது அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்ற வரிகள் மட்டும் இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் இருந்து, இடையில் ஒரு முறை நானே தடுமாறியும் விழுந்தவன் என்ற முறையில், விடுபட்ட அந்த வரிகளை முன்னால் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

நான் பயன்படுத்தும் அளவுகோல் நீதிமன்ற அறையிலிருந்து எடுத்தது. உங்கள் வழக்கு அழைக்கப்படும் நேரத்தில் நீங்கள் வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தால், அறையில் இருக்கும் இன்னொருவர் எழுந்து உங்களுக்காகப் "பாஸ் ஓவர்" கேட்பார். பட்டியலின் முடிவில் வழக்கு மறுபடியும் அழைக்கப்படும். எந்த வழியைத் தேர்ந்தாலும், அதில் உங்களுக்காகப் பாஸ் ஓவர் கேட்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். காய்ச்சலில் படுத்தாலும், வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும், காரணமே தெரியாமல் ஒரு நாள் படுக்கையை விட்டு எழ மனம் வராமல் போனாலும் உங்கள் இடத்தில் நிற்க ஒருவர் இருக்கிறாரா என்பதும், உங்கள் மாலைப்பொழுது யார் கையில் இருக்கிறது என்பதும் உங்கள் உடல்நலத்தையும் குடும்பத்தையும் பத்தாண்டுகளில் தீர்மானித்துவிடும்.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,800 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டு வெளியான ஆய்வில் 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐந்தில் ஒருவரிடம் சிக்கலான குடிப்பழக்கமும் காணப்பட்டன. தொழிலின் முதல் பத்தாண்டுகளில் இருந்தவர்களிடமே பாதிப்பு அதிகமாக இருந்தது. அது வேறொரு நாட்டின் கணக்கு, அந்நாட்டுத் தொழில்முறையும் வேறு. ஆனாலும் முதல் பத்தாண்டுகள்தாம் ஆளை உடைக்கின்றன என்ற செய்தி, உயர் நீதிமன்றத்துக்கு அருகே வழக்கறிஞர் அலுவலகங்கள் நிறைந்த தம்புச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் மாடிப்படி ஏறி இறங்கும் எவருக்கும் புதிதாக இருக்காது.

சீனியரின் சேம்பரை, அதாவது அவருடைய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இருக்கும் இடமும், பெரும்பாலோர் விட்டுவிட நினைக்கும் இடமும் அதுவே. அங்கே நாள் இரண்டு முறை தொடங்குகிறது. காலையில் ஆவணங்களை இ-ஃபைலிங் செய்து, ரிட்டர்ன் ஆன, அதாவது நீதிமன்ற அலுவலகம் திருப்பி அனுப்பிய மனுக்களின் குறைகளைத் திருத்தி, பத்தரை மணிக்குள் கோர்ட்டில் நின்று, நடுவே எழும்பூருக்கோ சைதாப்பேட்டைக்கோ ஒரு வாய்தா வாங்க ஓடி, நான்கே முக்காலுக்கு நீதிமன்றம் எழுந்ததும் ஒரு நாள் முடிகிறது. மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் வந்தவுடன் இன்னொரு நாள் தொடங்குகிறது. சீனியர் ஆறரைக்கு வருவார், கட்சிக்காரர்கள் ஏழு மணிக்கு வருவார்கள், வழக்குக் கட்டுகளைப் பிரிப்பதற்கே எட்டாகிவிடும்.

நான் ஜூனியராக இருந்த இரண்டாம் மாடி அறையில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பான டைப்டு செட்டுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருப்பேன். நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு தாள் கூடுதலாக இருப்பது தெரியும், முதலிலிருந்து எல்லாவற்றையும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். மேசையில் கிடக்கும் போன் அதிரும், திரையில் "அம்மா" என்று வரும், சீனியர் எதிரில் இருப்பதால் எடுக்க மாட்டேன். பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனால் மூடி வைத்த தட்டில் சோறு ஆறிப்போயிருக்கும். அம்மா எழுந்து வந்து, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்பார். நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான்கு ஆண்டுகளில், சாப்பிட்டேனா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். உறவுகள் இந்தத் தொழிலில் சண்டையால் அறுவதைவிட, இப்படிக் கேட்பதை நிறுத்திவிடுவதால் அறுவதே அதிகம்.

பெண் ஜூனியர்களுக்கு இந்த மாலைநேர வேலையின் விலை இன்னும் கூடுதல். இரவில் பாரிமுனையிலிருந்து வீடு திரும்பும் கவலை ஒரு பக்கம், "கோர்ட்டுதான் நாலே முக்காலுக்கே முடிஞ்சிடுதே" என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்கும் கேள்வி மறு பக்கம். திருமணத்துக்குப் பின்னோ முதல் குழந்தைக்குப் பின்னோ சேம்பரை விட்டுப் போனவர்களில் பலர் என்னைவிட நன்றாக வரைவு எழுதக்கூடியவர்கள். அவர்களை இத்தொழில் இழந்ததற்குத் திறமைக் குறைவு காரணமன்று, ஏழு மணிக் கலந்தாய்வுதான் காரணம். அதை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்ட சீனியர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களுடைய சேம்பர்களில் பெண்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள்.

சேம்பரின் இன்னொரு சுமை பணம். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவையொட்டி, சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த உத்தரவு வந்ததே ஒரு பெரிய மாற்றம் என்று கருதுகிறேன், ஏனென்றால் அதுவரை "கற்றுக்கொள்ள வந்தவனுக்கு எதற்குக் காசு" என்பதே எழுதப்படாத சட்டமாக இருந்தது. உங்கள் சேம்பரில் அந்தத் தொகை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், சீனியரிடம் மரியாதையாகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது வயதில் அப்பாவிடம் பெட்ரோலுக்குப் பணம் கேட்பது உள்ளே எதை அரிக்கிறது என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் சேம்பரில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. நான் மேலே சொன்ன பாஸ் ஓவர் அங்கே தானாகக் கிடைக்கிறது. நீங்கள் ஒரு தேதியைத் தவறவிட்டால் சக ஜூனியர் நிற்பார், நீதிபதி கடிந்துகொண்டால் அடுத்த நாள் சீனியர் போய் நிற்பார். வழக்கின் பாரம் உங்கள் கையில் இருந்தாலும் அது உங்கள் தலையில் இறங்குவதில்லை. இந்தப் பாதுகாப்பின் மதிப்பு அதை விட்டு வெளியே வந்த பிறகுதான் புரிகிறது.

எனக்கு அது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். தனியாக அலுவலகம் போட்டு இரண்டாம் ஆண்டில், சிட்டி சிவில் கோர்ட்டில் இருந்த ஒரு சொத்து வழக்கின் தேதியை நாட்குறிப்பில் ஒரு பக்கம் தள்ளி எழுதிவிட்டேன். வழக்கு அழைக்கப்பட்டபோது எதிர்த்தரப்பு இருந்தது, எங்கள் தரப்பில் நானும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. ஆஜராகாத காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 9 ரூல் 9-இன் கீழ் 30 நாட்களுக்குள் மனுப் போட்டு வழக்கை மீட்க முடியும் என்பது முதலாண்டு ஜூனியருக்கும் தெரியும். நானும் மீட்டேன். ஆனால் தள்ளுபடியான அன்றிலிருந்து மனு அனுமதிக்கப்பட்ட நாள்வரை ஓர் இரவும் மூன்று மணிக்கு மேல் தூங்கவில்லை. விழிப்பு வந்தவுடன் அலமாரியில் உள்ள ஒவ்வொரு கட்டின் தேதியும் மனத்தில் ஓடும். எழுந்து போய் நாட்குறிப்பைப் புரட்டுவேன். எல்லாம் சரியாக இருக்கும். படுத்தால் மறுபடியும் ஓடும். வழக்கு மீண்ட பிறகும் அந்தப் பழக்கம் ஓராண்டு நீடித்தது. மனைவி ஒரு நாள் நாட்குறிப்பைக் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை என்னை மருத்துவரிடம் அழைத்துப்போனார். பதற்றக் கோளாறு என்று பெயர் சொல்லி, மருந்து எழுதி, பேச்சு ஆலோசனைக்கும் அனுப்பினார் அவர். ஆறு மாதத்தில் தூக்கம் திரும்பியது.

தனி அலுவலகத்தின் சிறப்பு, மாலைப்பொழுது உங்கள் கைக்கு வருவது. எந்த வழக்கை ஏற்பது, யாரை எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நடைமுறையில் முதல் ஐந்தாண்டுகளில் எவரும் அப்படி முடிவு செய்வதில்லை, ஏனென்றால் வருகிற கட்சிக்காரரை அனுப்பிவிடும் துணிச்சல் வருவதில்லை. கிரிமினல் வழக்குகள் எடுப்பவர் என்றால் வெள்ளிக்கிழமை இரவில் கைது, சனிக்கிழமை காலையில் ரிமாண்ட் என்று வாரக்கடைசியும் போய்விடும். வணிக வழக்குகளில் எதிருரை தாக்கல் செய்ய 120 நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. அந்தக் கெடுவை நினைவில் வைத்திருக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. கட்டணமோ தவணையாக வரும், சில சமயம் வரவே வராது. இதோடு, வக்கீலுக்கு வீடு தர மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீட்டு உரிமையாளர்களையும், கடன் மனுவில் தொழிலைப் பார்த்தவுடன் தயங்கும் வங்கிகளையும் சந்திக்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தவுடன், பக்கத்து இலையில் இருக்கும் சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார். உறவினர் கூட்டத்திலும் வழக்கறிஞராகவே இருக்க வேண்டிய நிலையில் மனம் எங்கே இளைப்பாறும்? எனவே தனி அலுவலகம் என்பது சுதந்திரம் மிகுந்த வழியாகவும், அதே அளவுக்குத் தனிமை மிகுந்த வழியாகவும் இருக்கிறது. பதற்றம் எளிதில் தொற்றும் இயல்புள்ளவர்கள் இதை முழுத் தனியாக ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கம்பெனி வேலையைப் பற்றி நீதிமன்ற வளாகத்தில் கொஞ்சம் இளக்காரமாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. அந்த இளக்காரம் தவறு. கிண்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்தும் பணி அறிவுக்கு வேலை கொடுக்கும் பணிதான். மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது, எடுக்கக்கூடிய விடுப்பு இருக்கிறது, பெரும்பாலும் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்பதால், சிகிச்சையில் இருப்பவருக்கு இந்தக் காப்பீடு சிறிய விஷயமன்று. ஆனால் இரண்டு இழப்புகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49-ஆம் விதிப்படி முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்த முடியாது. பணியில் சேரும்போது பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். பின்னர் திரும்பி வரலாம் என்றாலும், பத்தாண்டு கழித்து வருபவருக்குக் கட்சிக்காரர்களும் இல்லை, கோர்ட்டில் முகம் தெரிந்த தோழர்களும் இல்லை. எழுந்து நின்று வாதாடும்போது உயிர்பெறும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கம்பெனிக்குப் போனால் இரண்டாம் ஆண்டிலேயே வாடிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். வரைவும் ஆய்வும் பிடித்து, கோர்ட்டில் நிற்கும் ஒவ்வொரு காலையும் வயிற்றைப் பிசைகிறது என்பவருக்கு இது தப்பித்தல் ஆகாது. அவருக்குப் பொருந்திய இடமே இதுதான்.

பெரிய சட்ட நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் நன்றாக இருக்கும், வேலை நேரம் சேம்பரைவிடவும் நீளும். கடனை அடைக்க மூன்றாண்டு என்று கெடு வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது உதவும்.

சிவில் நீதிபதித் தேர்வை மன அமைதிக்கான வழியாகச் சிலர் நினைக்கிறார்கள். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இனி வரும் தேர்வுகளுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஜூனியர்களுக்கு அந்தத் தகுதி இருக்கும். பதவியின் கௌரவமும் நிலையான வருமானமும் உண்மை. ஆயினும் வழக்குகளின் எண்ணிக்கை நீதிபதியின் தலையில்தான் வந்து விழுகிறது; ஊர் மாற்றம் உண்டு; பழகிய வழக்கறிஞர் நண்பர்களிடமிருந்து விலகி நிற்பது பதவியின் ஒழுக்கமாகவே எதிர்பார்க்கப்படுகிறது. நண்பர் கூட்டத்தை நம்பி வாழ்பவர் இந்தத் தனிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கிரிமினல் வழக்குகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ், சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்களை மாத ஊதியத்தில் நியமிக்கிறார்கள். தனி வழக்குகள் எடுக்கக் கூடாது, சட்ட உதவி பெறும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டும் வாதாட வேண்டும். ஒப்பந்தப் பணிதான் என்றாலும், கட்டண வசூல் என்ற மன உளைச்சலே இல்லாமல் தினமும் கோர்ட்டில் நிற்கலாம் என்பது பலரும் கவனிக்காத நன்மை.

இவற்றுக்கெல்லாம் நடுவில், நான் ஜூனியர்களுக்கு அதிகமாகப் பரிந்துரைப்பது கூட்டு அலுவலகம். மூன்று பேர் சேர்ந்து ஓர் இடத்தை வாடகைக்கு எடுப்பது, வாடகையையும் குமாஸ்தா சம்பளத்தையும் சமமாகப் பகிர்வது, கட்டணத்தை மட்டும் அவரவர் வழக்குக்கு அவரவரே வைத்துக்கொள்வது என்பதே அதன் அமைப்பு. கட்டணத்தையும் பகிரத் தொடங்கிய பல கூட்டுகள் நட்போடு சேர்ந்து உடைந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். கட்சிக்காரர் வழக்கறிஞரை அமர்த்திக் கையெழுத்திடும் வக்காலத்தில் மூவர் பெயரும் இருக்கட்டும். எந்த வழக்கிலும் எவரும் ஆஜராகலாம். அலுவலகத்தின் நடுமேசையில் பெரிய நாட்குறிப்பு ஒன்று இருக்கட்டும், ஒருவர் எழுதிய தேதியை வாரம் ஒரு முறை இன்னொருவர் சரிபார்க்கட்டும். அன்று என் நாட்குறிப்பை இன்னொரு கண் பார்த்திருந்தால் அந்த ஓராண்டுத் தூக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும். வாரத்தில் ஒரு மாலை ஒருவருக்கு முழு விடுதலை என்றும், அன்று அவருடைய கட்சிக்காரர்களின் அழைப்புகளை மற்ற இருவர் ஏற்பது என்றும் முறை வைத்துக்கொண்ட ஓர் அலுவலகத்தை எனக்குத் தெரியும். எட்டாண்டுகளாக அந்த முறை ஓடுகிறது. மூவரில் ஒருவர் தம் மகளை நீச்சலுக்கு அழைத்துப்போவது அந்த மாலையில்தான்.

எதைத் தேர்ந்தாலும் வரிசை முக்கியம். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், தூங்குவதற்கென்றே தினமும் குடிக்க வேண்டியிருந்தால், நண்பர்களின் அழைப்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்தால், வேலை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள்; முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வில் இருந்தபடியே தொழிலை விட்டவர்கள், சோர்வு நீங்கியபின் தாங்கள் வெறுத்தது தொழிலை அன்று என்று கண்டுகொண்டு வருந்தியிருக்கிறார்கள். "வக்கீலுக்கே மனசு சரியில்லன்னு தெரிஞ்சா கேஸ் யார் குடுப்பா?" என்ற அச்சம் எனக்கும் இருந்தது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ட்ரல் எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனை வெகு அருகில் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே பேசுங்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது.

சேம்பரை விட்டு வருவதென்று தீர்மானித்தவர்களுக்கு மே விடுமுறையே நல்ல காலம். சிவில் நீதிமன்றங்களும் அப்போது மூடியிருக்கும், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் மட்டும் நடக்கும். ஒரு மாதம் முன்னதாகச் சீனியரிடம் நேரில் சொல்லுங்கள்; வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டாம். உங்களை நம்பி வரும் கட்சிக்காரர் இருந்தால், பழைய வக்காலத்தில் சீனியரின் சம்மதம் பெற்ற பிறகே புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் கவனித்துவந்த ஒவ்வொரு வழக்குக்கும் அடுத்த தேதி, பாக்கியுள்ள வேலை, ரிட்டர்னில் கிடக்கும் மனு ஆகியவற்றை எழுதி அடுத்து வரும் ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அவர் ஏதாவது ஒரு கட்டைத் தேடிக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு உங்களை அழைப்பார். எடுத்துப் பேசுங்கள், பேசி முடித்ததும், அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.